வோல்டேஜும் கரண்டும் அளந்துவிட்டால் தடையும் வாட்டும் எப்படி எடுப்பது: புதிதாகக் கற்பவர்களுக்கு

ஒரு பொருளின் இரண்டு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் இருக்கிறது, அதற்குள் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும், அதன் மின்தடை ஒரு வகுத்தலில் வந்துவிடும், மின்திறன் ஒரு பெருக்கலில் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் புதிதாக மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) வாங்கியவர்களில் நிறையப் பேருக்கு விடை தப்பாகத்தான் வருகிறது. கால்குலேட்டர் தப்பு செய்வதில்லை. அதில் தட்டும் எண்களைத் தப்பான இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்துக்குக் கொஞ்ச இடமும், எண்ணை எங்கே எப்படி எடுப்பது என்பதற்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று இருக்கும். நான் பெரும்பாலும் வோல்டேஜ், கரண்ட், தடை, வாட் என்றே எழுதுகிறேன், வேலை செய்யும் இடத்தில் அப்படித்தானே சொல்கிறோம்.

முதலில் அந்த இரண்டு வரிகள்:

தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்

மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

ஒரு கார் பல்பை எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் மாட்டி எரியவிட்டு அளக்கிறீர்கள், பல்பின் மேல் 12 வோல்ட், பல்புக்குள் 1.75 ஆம்பியர். 12-ஐ 1.75-ஆல் வகுத்தால் 6.857, அதாவது ஏறக்குறைய 6.9 ஓம். 12-ஐ 1.75-ஆல் பெருக்கினால் 21 வாட். பல்பின் அடிப்பாகத்தில் 21 வாட் என்று அச்சடித்திருந்தால் உங்கள் அளவு சரி. கால்குலேட்டர் 6.857142 என்று நீட்டிக்கொண்டே போகும், அதை அப்படியே எழுதிவைக்காதீர்கள். சாதாரண மீட்டர் கொடுக்கும் அளவில் முதல் இரண்டு மூன்று இலக்கங்களுக்குத்தான் மதிப்பு.

சரி, இப்போது அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலைக்குத் திருப்பி அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். 0.6 ஓம் என்று காட்டுகிறது என வைத்துக்கொண்டால், 12 ÷ 0.6 = 20 ஆம்பியர், 240 வாட் என்று கணக்கு வருகிறது. 21 வாட் பல்பு எப்படி 240 வாட் ஆனது? மீட்டர் பொய் சொல்லவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கிறது, உலோகம் சூடாக ஆக அதன் தடை ஏறும், இந்தச் சூட்டில் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நீங்கள் அளந்தது குளிர்ந்த பல்பின் தடை, கணக்குப் போட்டது எரியும் பல்புக்கு. சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் பல்பு உண்மையாகவே 20 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கப் பார்க்கும், இழை சூடானதும், அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்குள், 1.75-க்கு இறங்கிவிடும். இழை பல்புகள் பெரும்பாலும் போட்ட உடனேயே "டப்" என்று போவது இதனால்தான்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்: வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளுக்கு உரியவையாக, ஒரே நேரத்தில், அது வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். பேட்டரியின் வோல்டேஜை எடுத்து, மோட்டாரின் கரண்டால் வகுத்தால் வருவது மோட்டாரின் தடையும் இல்லை, பேட்டரியின் தடையும் இல்லை.

இந்த வகுத்தல் விதியைக் கண்டுபிடித்த ஜெர்மானியரான கியோர்க் ஓமுக்கே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. அவர் காலத்து பேட்டரிகளில் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது, அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போகும். அதனால் அவர் பேட்டரியை விட்டுவிட்டு, இரண்டு உலோகங்கள் சேரும் ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வேறுபாட்டில் பிறக்கும் சின்ன வோல்டேஜைப் பயன்படுத்தினார். அது ஆடாமல் அசையாமல் நின்றது. அதன் பிறகுதான் கணக்கு பிடிபட்டது, 1827-இல் அவர் விதியை விரிவாக வெளியிட்டார். எண்கள் நிலையாக நின்றால்தான் வகுத்தலுக்கு அர்த்தம் என்பதை அவர் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அலகுகளில் ஒரு சின்ன விஷயம்

மில்லி, கிலோ இரண்டிலும்தான் தொடக்கத்தில் தவறு அதிகம் நடக்கிறது. 20 மில்லிஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர், 0.2 இல்லை. 4.7 கிலோஓம் என்றால் 4,700 ஓம். மாற்றி எழுதிவிட்டுத்தான் கணக்கில் இறங்க வேண்டும்.

சின்ன சர்க்கியூட்களில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நான் தினமும் பயன்படுத்துவது. வோல்ட்டை மில்லிஆம்பியரால் அப்படியே வகுத்தால் விடை கிலோஓமில் வரும். வோல்ட்டை மில்லிஆம்பியரால் பெருக்கினால் விடை மில்லிவாட்டில் வரும். 9 வோல்ட், 3 மில்லிஆம்பியர் என்றால் 3 கிலோஓம், 27 மில்லிவாட். சுழியங்களை எண்ணும் வேலையே இல்லை.

படி 1: வோல்டேஜ் அளப்பது

வோல்டேஜ் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது. ஒரு புள்ளியில் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டால் "எதிலிருந்து?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகவே எந்தப் பொருளின் தடை வேண்டுமோ அந்தப் பொருளின் இரண்டு முனைகளிலேயே மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வையுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் அறுக்க வேண்டாம். கறுப்புக் கம்பி பொதுத் (COM) துளையில், சிவப்புக் கம்பி வோல்ட் துளையில், சுழற்றும் குமிழ் டிசி (பேட்டரிபோல் ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வோல்ட் நிலையில். மீட்டரின் உள்தடை இந்த நிலையில் மிக மிக அதிகம், டிஜிட்டல் மீட்டர்களில் பொதுவாக 10 மெகாஓம் (ஒரு கோடி ஓம்), அதனால் சர்க்கியூட்டை அது தொந்தரவு செய்யாது.

படி 2: கரண்ட் அளப்பது

இங்கேதான் கவனம் வேண்டும். கரண்ட் என்பது ஒரு இடத்தின் வழியாக ஓடுவது, ஆகவே மீட்டரும் அந்த ஓட்டத்தின் பாதையிலேயே உட்கார வேண்டும். சுவிட்சை அணைத்து, ஒரு கம்பியைக் கழற்றி, கழற்றிய இரண்டு முனைகளுக்கு நடுவில் மீட்டரை மாட்டி, அப்புறம் சுவிட்சைப் போட வேண்டும். சிவப்புக் கம்பி ஆம்பியர் துளைக்கு மாற வேண்டும். எவ்வளவு ஓடும் என்று தெரியாவிட்டால் 10 ஆம்பியர் துளையில் தொடங்குங்கள், எண் ரொம்பச் சின்னதாக இருந்தால் மில்லிஆம்பியர் துளைக்கு வாருங்கள்.

அளந்து முடித்ததும், வேறு எதையும் செய்யும் முன், சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்குத் திருப்பி மாட்டிவிடுங்கள். நான் ஒரு முறை இதை மறந்தேன். கரண்ட் பார்த்துவிட்டு, கம்பியை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, வோல்டேஜ் பார்க்கிறேன் என்று 12 வோல்ட் கார் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தேன். ஆம்பியர் துளையில் மீட்டரின் உள்தடை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஆகவே நான் செய்தது பேட்டரியின் மேல் ஒரு கம்பியைக் குறுக்கே போட்டதற்குச் சமம். ஒரு வெள்ளை ஒளி, ஒரு சத்தம், சிவப்புக் கம்பி முனையிலுள்ள ஊசியின் நுனி உருகி உருண்டையாகிவிட்டது. இதையே வீட்டு மின்சாரத்தில் செய்திருந்தால் மீட்டர் கையிலேயே வெடித்திருக்கலாம். மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, துளைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், உங்கள் மீட்டரை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

வீட்டு மின்சாரத்தில் கம்பியைக் கழற்றி நடுவில் மீட்டர் வைக்கும் வேலையைப் புதியவர்கள் செய்யவே வேண்டாம். அதற்கு பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் இருக்கிறது, வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் அதுவே காட்டும். கம்பியைக் கழற்றாமல் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் அதன் தாடைக்குள் ஒரே ஒரு கம்பி மட்டும் போக வேண்டும். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து உள்ளே இருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை அழித்துவிடும், மீட்டர் சுழியம் காட்டும். கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி (வீட்டு மின்சாரம்போல் திசை மாறி மாறி ஓடும்) கரண்டை மட்டும்தான் அளக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே மீட்டர்தான் இருக்கிறது, வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் எப்படி எடுப்பது என்று கேட்கலாம். இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. ஒரு 0.1 ஓம் ரெசிஸ்டரை (குறிப்பிட்ட தடை உள்ள சின்னப் பாகம்) பாதையில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் வோல்டேஜ் பாருங்கள். 175 மில்லிவோல்ட் காட்டினால் 0.175 ÷ 0.1 = 1.75 ஆம்பியர். மீட்டர் வோல்ட் நிலையிலேயே இருக்கும், கம்பியைத் துளை மாற்ற வேண்டாம், ஊசியை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் வோல்ட்டும் கிடைத்தது, கரண்டும் கிடைத்தது. அந்த ரெசிஸ்டர் எத்தனை வாட் தாங்க வேண்டும்? 0.175 வோல்ட் × 1.75 ஆம்பியர் = 0.31 வாட். ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் போதாது, 1 வாட் போடுங்கள்.

ஒரு சின்ன பம்பின் கணக்கு

எனக்கு இந்தச் சூத்திரங்களின் மேல் உண்மையான மரியாதை வந்தது ஒரு 12 வோல்ட் தண்ணீர் பம்பால். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மெதுவாகிவிட்டது. மோட்டார் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் புது மோட்டார் வாங்கலாம் என்றுதான் இருந்தேன். வாங்கும் முன் ஒரு முறை அளந்துவிடலாமே என்று பம்பை ஓடவிட்டே அளந்தேன்.

பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட். பம்பின் முனைகளில் 10.3 வோல்ட். கரண்ட் 4 ஆம்பியர். அப்படியானால் 2.2 வோல்ட் வழியில் எங்கோ காணாமல் போகிறது. மீட்டரின் ஒரு ஊசியைக் கம்பியின் ஒரு பக்கமும் மற்றதை அடுத்த இணைப்பிலும் வைத்து, துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். கம்பிகள் முழுவதிலும் சேர்த்து 0.6 வோல்ட். மீதி 1.6 வோல்ட்டும் ஒரே ஒரு கனெக்டரில்.

தடை: 1.6 ÷ 4 = 0.4 ஓம். வாட்: 1.6 × 4 = 6.4 வாட். விரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கனெக்டருக்குள் 6.4 வாட் சூடு, நாளெல்லாம். கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகி, உள்ளே பித்தளை கறுத்து, பிடிமானம் தளர்ந்திருந்தது. புது கனெக்டர் போட்டதும் பம்பு பழைய வேகத்துக்கு வந்தது.

அன்று நான் செய்த இன்னொரு காரியத்தை நீங்களும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், வாட் கணக்கை வரவு செலவுபோல் சரிபார்ப்பது. பேட்டரி கொடுப்பது 12.5 × 4 = 50 வாட். பம்பு எடுத்துக்கொண்டது 10.3 × 4 = 41.2. கனெக்டர் 6.4. கம்பிகள் 0.6 × 4 = 2.4. கூட்டிப் பாருங்கள், 41.2 + 6.4 + 2.4 = 50. கணக்கு நேராகிவிட்டது. இப்படி நேராகாவிட்டால் ஏதோ ஒரு இடத்தை நீங்கள் அளக்கவில்லை, அல்லது ஒரு எண்ணைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

லூஸ் கனெக்ஷன் ஏன் உருகுகிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல இணைப்பில் ஒரு சில மில்லிஓம்தான் இருக்கும். அது 0.1 ஓம் ஆகிவிட்டது, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 1 வோல்ட் அங்கே விழுகிறது, 10 வாட் அங்கேயே சூடாகிறது. தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும் அந்த 21 வாட் கார் பல்பில் பாதிச் சூடு ஒரு பிளக்கின் ஒற்றைக் காலில்! ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றின் பிளக் சூடாகிறதென்றால் அதைத் தள்ளிப்போடாதீர்கள், உடனே மாற்றுங்கள், சாக்கெட்டையும் ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற இரண்டு வாட் சூத்திரங்கள்

வோல்ட்டும் ஆம்பியரும் கையில் இருந்தால் பெருக்கினால் போதும். சில சமயம் ஒன்றுதான் இருக்கும், கூடவே தடை தெரிந்திருக்கும். அப்போது:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்

வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

புதிதாக இவை எதுவும் இல்லை, மேலே உள்ள இரண்டு வரிகளையே ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இவை வந்துவிடும். முதலாவதை ஜூலின் விதி என்று சொல்வார்கள், கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840-களின் தொடக்கத்தில் அளந்து காட்டியது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் இன்னும் ஒரே ஒரு பொருள்தானே என்று கூடுதலாக மாட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் ஒரு குழப்பம் வரும், எனக்கும் வெகுநாள் இருந்தது. முதல் சூத்திரம் தடை கூடினால் வாட் கூடும் என்கிறது. இரண்டாவது, தடை கூடினால் வாட் குறையும் என்கிறது. எது சரி? இரண்டும் சரி. உங்கள் சர்க்கியூட்டில் எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஹீட்டரை நேராக சாக்கெட்டில் மாட்டும்போது வோல்டேஜ் மாறாமல் நிற்கிறது, அங்கே தடை குறைந்த ஹீட்டர்தான் அதிக வாட். ஆனால் அதே ஹீட்டரின் பிளக்கில் இருக்கும் இணைப்பை எடுத்துக்கொண்டால், அதன் வழியே எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை ஹீட்டர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது, இணைப்பின் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் கரண்ட் அவ்வளவாகக் குறையப் போவதில்லை. ஆகவே அங்கே தடை கூடக் கூடச் சூடும் கூடும். ஒரே கம்பியில், ஒரே நேரத்தில் இரண்டு சூத்திரங்களும் வேலை செய்கின்றன.

வோல்ட்டின் வர்க்கம் என்பதன் பலத்தையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 230 வோல்ட்டில் 1,000 வாட் என்று எழுதிய ஹீட்டர். கரண்ட் 1,000 ÷ 230 = 4.35 ஆம்பியர். தடை 230 × 230 ÷ 1,000 = 52.9 ஓம். லைனில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கி 207 ஆகிவிட்டால் வாட்டும் பத்து சதவீதம்தானே இறங்கும் என்று தோன்றும். 207 × 207 ÷ 52.9 போட்டுப் பாருங்கள், 810 வாட். பத்தொன்பது சதவீதம் போய்விட்டது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் தண்ணீர் சூடாக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பது இதுதான். ஹீட்டர் கம்பியின் தடை சூட்டில் பல்பு இழை அளவுக்கு மாறாது, அதனால்தான் 52.9 என்பதை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

எல்இடிக்கு ரெசிஸ்டர் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது இது. 12 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும், 20 மில்லிஆம்பியர் போதும். உடனே 12 ÷ 0.02 = 600 ஓம் என்று போட்டுவிடுவார்கள். நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள், யாருடைய வோல்ட்? நமக்கு வேண்டியது ரெசிஸ்டரின் தடை, ஆகவே ரெசிஸ்டரின் மேல் விழும் வோல்ட் வேண்டும். சிவப்பு எல்இடி தனக்கென்று 2 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு. 10 ÷ 0.02 = 500 ஓம்.

500 ஓம் என்று ரெசிஸ்டர் சாதாரணமாகக் கிடைக்காது, 470, 560 என்றுதான் வரும். பெரியதையே எடுங்கள், எல்இடிக்கு நல்லது. 560 ஓமில் கரண்ட் 10 ÷ 560 = 0.0179, அதாவது 18 மில்லிஆம்பியர் அளவு, கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசமே தெரியாது. ரெசிஸ்டரில் சூடாகும் திறன் 10 × 0.0179 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் கை வைத்தால் நன்றாகவே சுடும், மூடிய டப்பாவுக்குள் வைப்பதாக இருந்தால் அரை வாட் போடுங்கள். கணக்கில் வந்த வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரை எடுப்பது நான் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு.

எல்இடிக்குத் தடை எத்தனை ஓம் என்று மட்டும் கேட்காதீர்கள். 2 வோல்ட்டை 0.02-ஆல் வகுத்தால் 100 ஓம் வரும்தான், ஆனால் கரண்டை 10 மில்லிஆம்பியராகக் குறைத்தால் எல்இடியின் வோல்டேஜ் பாதியாக, 1 வோல்ட்டாக இறங்காது, 1.9 பக்கத்திலேயே நிற்கும், வகுத்தால் 190 ஓம் வரும். ஒவ்வொரு கரண்டுக்கும் ஒரு ஓம். அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் போட முடியாது. டிசியில் வாட் கணக்கு மட்டும் எப்போதும் செல்லும், 2 வோல்ட் × 0.02 ஆம்பியர் = 0.04 வாட், அதில் சந்தேகமே இல்லை.

மோட்டாரும் ஏசியும்

மேலே சொன்ன பம்பில் 10.3 ÷ 4 = 2.6 ஓம் என்று போட்டு, அதுதான் மோட்டார் சுருளின் தடை என்று எழுதிவைத்துவிடாதீர்கள். ஓடும் மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது, அது கரண்டைத் தடுத்துப் பிடிக்கிறது. சுருளின் உண்மையான தடை இதைவிட நன்றாகவே குறைவு. மோட்டார் சிக்கி நின்றுபோனால் எதிர் வோல்டேஜ் போய்விடும், கரண்ட் பல மடங்கு ஏறும், சுருள் கருகும் வாசனை வருவது அப்போதுதான்.

ஏசியில் மோட்டார், டிரான்ஸ்பார்மர், மின்விசிறி எதுவாக இருந்தாலும் வோல்ட் × ஆம்பியர் என்பது வாட் ஆகாது. வோல்டேஜ் உச்சிக்குப் போகும் நேரமும் கரண்ட் உச்சிக்குப் போகும் நேரமும் அங்கே ஒன்றாக இருப்பதில்லை. பெருக்கி வருவதை வோல்ட்-ஆம்பியர் என்றுதான் சொல்ல வேண்டும், அதைத் திறன் காரணியால் (அந்த நேர வித்தியாசத்தைக் காட்டும், ஒன்றுக்கு மிகாத எண்) பெருக்கினால்தான் வாட். 230 வோல்ட், 2 ஆம்பியர், திறன் காரணி 0.7 என்றால் 460 வோல்ட்-ஆம்பியர், 322 வாட். கம்பியின் தடிமனையும் ஃபியூஸையும் முடிவு செய்ய 2 ஆம்பியரைப் பாருங்கள், யூனிட் கணக்குக்கு 322 வாட்டைப் பாருங்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, இழை பல்பு இவற்றுக்குத் திறன் காரணி 1-தான், நேராகப் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்றே செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு மீட்டர் போதும். இரண்டும் கால் வாட் வகை. 100 ஓம் வேண்டாம், 9 × 9 ÷ 100 = 0.81 வாட், கால் வாட் ரெசிஸ்டர் சில நொடிகளிலேயே சுடச்சுட நாறத் தொடங்கிவிடும்.

முதலில் எதையும் மாட்டாமல் பேட்டரியின் வோல்டேஜை எழுதிக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியானால் 9-க்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். அப்புறம் 1 கிலோஓமை மாட்டி, கரண்டை அளந்து, ரெசிஸ்டரின் மேல் வோல்டேஜை அளந்து, வகுத்துப் பாருங்கள். ரெசிஸ்டரின் கடைசி நிறக்கோடு பொன்னிறமானால் ஐந்து சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், 950-க்கும் 1,050-க்கும் நடுவில் விடை வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். விடை 1 என்று வந்தால் மில்லிஆம்பியரை மாற்ற மறந்திருக்கிறீர்கள், அது கிலோஓம்.

அடுத்து 470 ஓம். கரண்ட் 19 மில்லிஆம்பியர் பக்கத்தில் வரும், வாட் 0.17. ஒரு நிமிடம் விட்டுவிட்டு ரெசிஸ்டரை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். 1 கிலோஓமில் 0.08 வாட்தான் என்பதால் வெதுவெதுப்பு மட்டும் இருந்திருக்கும். இப்படி விரலால் ஒரு முறை உணர்ந்துவிட்டால் 0.17 வாட் என்று தாளில் பார்க்கும்போதே அது எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும்.

அந்த 470 ஓம் மாட்டியிருக்கும்போதே பேட்டரியின் வோல்டேஜை இன்னொரு முறை பாருங்கள். முதலில் எழுதிய எண்ணைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். புதிய பேட்டரியில் சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும், அதனால் மீட்டரின் கடைசி இலக்கம் வரை கவனித்து எழுத வேண்டும். அந்த இறக்கத்தைக் கரண்டால் வகுத்தால் வருவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை. 40 மில்லிவோல்ட் இறங்கி 19 மில்லிஆம்பியர் ஓடினால் 40 ÷ 19, அதாவது 2 ஓம் அளவு. அதே பயிற்சியைப் பழைய பேட்டரி ஒன்றை வைத்தும் செய்து, இரண்டு உள்தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.